பட்டாளக்காரன் வீடு



சபையிலே ஒரு பெண்பிள்ளைக்கு வரன் வந்தால், பெற்றோர் முதலாவது ஜெபிப்பார்கள். இரண்டாவது போதகரைத் தேடி வருவார்கள். சென்னையில் தொழிற்சாலை வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த சபை எங்களுடையது. உறவினர் தூரத்தில் இருப்பதால், விசாரிக்கப் போவதற்கும் பேசி முடிப்பதற்கும் போதகரே பெரியப்பா ஸ்தானத்தில் நிற்க வேண்டியதாகிறது.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு சகோதரர் தம் மனைவியோடு என்னிடம் வந்தார். அவர்களுடைய மகள் செவிலியர். வரன் வந்திருந்தது பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து. நல்ல விசுவாசக் குடும்பம். பையனுக்கு இருபத்தெட்டு வயது, மதராஸ் ரெஜிமென்டில் நாயக். எல்லாம் சரி, ஆனால் சகோதரரின் முகத்தில் தெளிவு இல்லை.

“பையன் பட்டாளத்தில் இருக்கிறானே, ஐயா. வருடத்தில் பத்து மாதம் புருஷன் இல்லாத வீட்டில் என் மகள் என்ன செய்வாள்?” என்றார். அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை. அவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பார்வையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

“நேரில் போய்ப் பார்த்து வருவோம்” என்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு முந்தின நாள் அந்த மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். “ஐயா, அவரைப் பற்றி நீங்கள் அதிகம் விசாரிக்க வேண்டாம். அவருடைய அப்பாவும் பட்டாளக்காரர்தான். அவருடைய அம்மா அந்த வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்” என்றாள். நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர்களுக்கும் தோன்றாத கேள்வி அது.

ரோமச் சேவகனின் குடும்பம்

நானும் அந்தச் சகோதரரும் இரவு ரயிலில் நாகர்கோவிலுக்குப் புறப்பட்டோம். அவர் உறங்கிவிட்டார். எனக்கு உறக்கம் வரவில்லை. வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் அப்போஸ்தலர் நடபடிகளைக் கற்பித்த ஆசிரியர், ரோமப் படைவீரரின் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னவை நினைவுக்கு வந்தன. பின்னாட்களில் நானே வாசித்து அறிந்தவையும் உண்டு.

நம்முடைய தமிழ் வேதாகமத்தில் செசரியாவிலிருந்த கொர்நேலியுவின் படைப்பிரிவைக் குறிக்கப் ‘பட்டாளம்’ என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். எல்லைக் கிராமங்களில் இன்றும் மக்கள் வாயில் வழங்கும் சொல் அது. அந்த ரோமப் பட்டாளத்தில் சேர்ந்த சாதாரணச் சேவகனுக்கு ஒரு கடினமான சட்டம் இருந்தது. பணியிலிருக்கும் வரையில் அவன் சட்டப்படி விவாகம் செய்யக் கூடாது. அகுஸ்து இராயனுடைய காலத்தில் ஏற்பட்டதாகக் கருதப்படும் இந்தத் தடை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் நீடித்தது. கி.பி. 197-ஆம் ஆண்டில் செப்டிமியுஸ் செவெருஸ் என்ற பேரரசரே சேவகர்கள் மனைவியரோடு வாழ அனுமதி கொடுத்தார்.

பணிக்காலமோ நீண்டது. ரோமக் குடியுரிமை இல்லாத மாகாணத்தாரைக் கொண்ட துணைப்படைகளில் 25 ஆண்டுகள் சேவிக்க வேண்டும். இருபது வயதில் சேர்ந்தவன் விடுதலை பெறும்போது நாற்பத்தைந்தைத் தொட்டிருப்பான். அப்போது வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்ட பத்திரம் ஒன்றை அவன் பெற்றுக்கொள்ளலாம். அவனுக்கு ரோமக் குடியுரிமையும், அவன் கொண்டிருந்த அல்லது இனிக் கொள்ளப்போகும் ஒரு மனைவியோடு சட்டப்பூர்வமான விவாக உரிமையும் உண்டு என்று அது சான்றளித்தது. இத்தகைய தகடுகள் ஐரோப்பாவின் பல பகுதிகளில் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. ‘இனிக் கொள்ளப்போகும்’ என்பது ஒரு பேச்சுக்குத்தான். பலருக்கு வீடும் பிள்ளைகளும் அதற்கு முன்பே இருந்தன.

இதுதான் நாம் கவனிக்க வேண்டிய காரியம். சட்டம் தடுத்தும் குடும்பங்கள் நின்றுபோகவில்லை. கோட்டைகளின் மதிலோரத்தில் சிறு ஊர்கள் முளைத்தன. சேவகர்களின் பெண்களும் பிள்ளைகளும் அங்கே குடியிருந்தார்கள். இங்கிலாந்தின் வடபகுதியில் விண்டோலாண்டா என்ற ரோமக் கோட்டையைத் தோண்டியபோது ஈரமண்ணில் கெடாமல் கிடந்த தோல் காலணிகள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டன. அவற்றில் பெண்களுடைய காலணிகளும் உண்டு, உள்ளங்கையில் அடங்கும் குழந்தைக் காலணிகளும் உண்டு. சேவகர் தங்கிய குடியிருப்புகளுக்குள்ளேயே சில கிடைத்தன. சட்டத்தின்படி அங்கே குழந்தைகளே இருந்திருக்கக் கூடாது.

அதே இடத்தில் மெல்லிய மரச்சில்லுகளில் மையால் எழுதிய கடிதங்களும் கிடைத்தன. தளபதிகளுக்கு மட்டும் மனைவியரோடு வாழ உரிமை இருந்தது. ஒரு தளபதியின் மனைவியாகிய கிளவுதியா செவேரா, இன்னொரு தளபதியின் மனைவியாகிய சுல்பிசியா லெப்பிதினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதிய கடிதம் அவற்றில் ஒன்று. ஏறக்குறைய கி.பி. 100-ஐச் சேர்ந்தது. இன்னொரு சில்லில், குளிர்தேசத்துச் சேவகன் ஒருவனுக்குக் காலுறைகளும் செருப்புகளும் உள்ளாடைகளும் அனுப்பப்பட்ட செய்தி இருக்கிறது. யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. அனுப்பியவருடைய மனது மட்டும் தெரிகிறது.

எகிப்து தேசத்திலிருந்து இரண்டாம் நூற்றாண்டில் ரோமக் கடற்படையில் சேர்ந்த அப்பியோன் என்ற இளைஞன், இத்தாலியாவிலுள்ள மிசேனும் துறைமுகத்திலிருந்து தன் தகப்பனுக்கு எழுதிய கடிதமும் நாணற்புல் தாளில் அழியாமல் கிடைத்திருக்கிறது. கடலில் ஆபத்துக்குத் தப்பியதையும், வழிச்செலவுக்கு மூன்று பொற்காசுகள் கிடைத்ததையும் அதில் எழுதுகிறான். தன் உருவப்படம் ஒன்றை அனுப்புவதாகச் சொல்லுகிறான். தனக்கு இப்போது அந்தோனியுஸ் மக்சிமுஸ் என்று ரோமப் பெயர் இடப்பட்டிருப்பதையும் தெரிவிக்கிறான். பின்னாளில் தன் சகோதரிக்கு அவன் எழுதிய இன்னொரு கடிதத்தில் அவனுக்கு மனைவியும் பிள்ளையும் இருப்பதைக் காண்கிறோம்.

சட்டம் அங்கீகரிக்காத வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நேர்ந்த துன்பம் என்ன? தகப்பன் உயில் எழுதாமல் போரில் மடிந்தால் அவன் சொத்து பிள்ளையைச் சேராது. கி.பி. 119-இல் ஆதிரியான் பேரரசர் எகிப்தின் ஆளுநருக்கு எழுதிய கட்டளையில், சேவகர் பணியிலிருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளும் இரத்த உறவினர் என்ற முறையிலாவது தகப்பனுடைய சொத்தைக் கோரலாம் என்று இரக்கம் காட்டினார். மகன் என்று அல்ல, உறவினன் என்று! அந்த அளவு இரக்கத்திற்கே நூறு ஆண்டுக்கு மேலாயிற்று.

எல்லையைக் கடந்தோம்

நாகர்கோவிலில் இறங்கிக் களியக்காவிளைக்குப் பேருந்து ஏறினோம். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என்று ஊர்கள் நெருக்கமாய் வருகின்றன. வீடுகளுக்கு இடைவெளி இல்லை. இடைவெளி இருந்த இடங்களில் ரப்பர் மரங்களும் ஏத்தன் வாழைகளும் நிற்கின்றன. களியக்காவிளையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. மண்ணும் மரமும் மாறவில்லை.

இந்தக் கோடு 1956 நவம்பர் முதல் தேதி போடப்பட்டது. திருவிதாங்கூரின் தென்பகுதித் தாலுகாக்களாகிய தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை அதன் தென்கோடி. அக்காள் ஒரு மாநிலத்திலும் தங்கை ஒரு மாநிலத்திலுமாக ஆன குடும்பங்கள் இங்கே ஏராளம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் ஆப்ஸ் என்ற மிஷனரி பாறசாலையில் தங்கி ஊழியம் செய்தார். அந்நாட்களில் ஏற்பட்ட சபைகளும் பள்ளிகளும் இரு மாநிலங்களிலும் பரவி நிற்கின்றன.

பாறசாலையில் இறங்கி ஆட்டோவில் உள்ளே போனோம். பாதையின் இருபுறமும் மரச்சீனித் தோட்டங்கள். சில வீட்டு வாசல்களில் பெயருக்குக் கீழே ‘எக்ஸ் சர்வீஸ்’ என்று எழுதியிருந்தது. “இங்க எந்தத் தெருவுல போனாலும் ஒரு பட்டாளக்காரர் வீடு உண்டு” என்று ஆட்டோ ஓட்டிய தம்பி சொன்னார். முற்காலத்தில் திருவிதாங்கூர் மன்னரின் படை பெரும்பாலும் நாயர் சமுதாயத்தாருடையதாய் இருந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசல் எளிதில் திறக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் அதன் உழைப்புப் பிரிவுகளுக்கும் இந்தப் பகுதியின் ஏழைக் குடும்பங்களிலிருந்து அநேகர் போனார்கள். மணியார்டர் வந்த வீட்டில் ஓடு ஏறிற்று. அதைக் கண்ட அடுத்த வீட்டுப் பையன் தானும் போனான்.

இரும்புப் பெட்டி

வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். அறுபது வயதைக் கடந்தவர், நிமிர்ந்த உடல். 1984-இல் சேர்ந்து 2006-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி எங்களுக்குக் கட்டன் சாயாவும், சற்று நேரத்தில் மரச்சீனியும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தார்.

சகோதரர் கேட்க வேண்டியவற்றைக் கேட்டார். பையன் நான்கு வருட அக்னிவீரனா, அல்லது நிரந்தரப் பணியா? 2022-ஆம் ஆண்டு ஜூனில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி சேருகிறவர்கள் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும்; நான்கு ஆண்டு முடிவில் அவர்களில் 25 சதவீதத்துக்கு மேற்படாதவர்களே பணியில் தொடருவார்கள்; மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. பையன் 2017-இலேயே பழைய முறைப்படி சேர்ந்தவன் என்றார் தகப்பனார். பதினைந்து ஆண்டு சேவித்தால் ஓய்வூதியம், குடும்பத்துக்கு மருத்துவ வசதி, கான்டீன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார்.

பின்பு நான் அந்த மகளுடைய கேள்வியை எடுத்தேன். “அம்மா, அந்தப் பிள்ளை உங்களைப் பற்றித்தான் கேட்டு வரச் சொன்னாள். இந்த வீட்டில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?”

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு உள்ளே போய்க் கணவரைக் கூப்பிட்டார். இருவருமாக ஒரு கறுத்த இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்கள். மேலே வெள்ளை வண்ணத்தில் அவருடைய பெயரும் படை எண்ணும். உள்ளே நீல நிற இன்லண்ட் கடிதங்கள், நூலால் கட்டிய கட்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் மையால் ஓர் எண்.

“நம்பர் நான் போட்டது ஐயா. எனக்கு இருபது வயசுல கல்யாணம். அடுத்த வருஷம் இவரு சிலோனுக்குப் போனாரு. பதினொண்ணாவது கடிதம் வந்த பிறகு ஒன்பதாவது வரும். எது முன்னே எழுதினது, எது பின்னே எழுதினதுன்னு தெரியாது. பின்னே எழுதினது கையில கிடைச்சா, அதுவரைக்கும் உயிரோடே இருந்தாருன்னு ஒரு நிம்மதி. அதுக்குத்தான் நம்பர்.”

1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையைத்தான் சொன்னார். அந்நாட்களில் அநேகர் உயிரோடு திரும்பவில்லை. தமிழ் பேசுகிற ஊரில், தமிழ் பேசுகிற ஒருவர் துப்பாக்கியோடு நடந்த நாட்களைப் பற்றி அந்த ஹவில்தார் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மற்ற ஆண்டுகளின் கடிதங்களில் முகவரி ‘56 ஏ.பி.ஓ.’ என்றிருந்தது. அது இராணுவத் தபால் நிலையத்தின் எண். கணவன் எந்த மலையில் இருக்கிறான் என்று மனைவிக்கு அந்த எண் சொல்லாது.

“மூத்த மகள் பிறந்து பதினாலு மாசம் கழிச்சுத்தான் இவரு முகம் பார்த்தாரு. அது போகட்டும், யுத்தம். நான் அதைக் குறைவா சொல்லமாட்டேன். ஆனா பிறகு ரெண்டு தடவை பீஸ் ஸ்டேஷன்ல குவார்ட்டர்ஸ் கிடைச்சுது. குடும்பத்தோட வரலாம்னு எழுதினாரு. அந்த ரெண்டு கடிதமும் இதிலே இருக்கு.” ஒரு கட்டிலிருந்து இரண்டை எடுத்துத் தனியே வைத்தார். “எனக்க மாமி விடல்ல. நீ போயிட்டா பசுவை யாரு பாக்கிறது, எனக்கு யாரு கஞ்சி வைக்கிறதுன்னு கேட்டாவ. இவரும் அம்மைக்கு எதிரா எழுதல்ல. கவர்ன்மென்ட் வீடு தந்துது ஐயா. நம்ம வீடுதான் விடல்ல.”

ஹவில்தார் தரையைப் பார்த்தபடியே பேசினார். “ஒரு நாள் எழுதிக் கூட்டினேன் ஐயா. வருஷத்துக்கு அறுபது நாள் ஆனுவல் லீவு. இருபத்திரெண்டு வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூற்று இருபது நாள். இடையிலே கேஷுவல் லீவு கொஞ்சம் கிடைக்கும், அது ரயிலிலேயே போயிரும். இருபத்திரெண்டு வருஷத்திலே நாலு வருஷம்கூட நான் இந்த வீட்டில் இல்லை. எல்லையிலே இருந்த வருஷங்களுக்கு நான் வருத்தப்படல்ல. அது நான் ஏத்துக்கிட்ட வேலை. அந்த ரெண்டு குவார்ட்டர்ஸைத்தான் திரும்ப எடுக்க முடியல்ல.”

அம்மையார் சகோதரர் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்க பிள்ளைக்க நகையைப் பத்தி நாங்க கேக்க மாட்டோம். ஒண்ணு மட்டும் பிள்ளைகிட்ட சொல்லுங்க. ஃபீல்டுல இருக்கும்போ அவ தனியா நிக்கணும். பாங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியா போகணும். அது நிச்சயம். ஆனா குவார்ட்டர்ஸ் கிடைச்ச அன்னைக்கு அவளை இந்த வீட்டுல நான் ஒரு நாள் நிறுத்தமாட்டேன். எனக்க மகன்கிட்டயும் இதைச் சொல்லித்தான் பெண் பாக்க ஆரம்பிச்சேன். பசு இப்போ இல்லை. இருந்தாலும் விற்றுப்போடுவேன்.”

கடைசி வார்த்தையில் எல்லாரும் சிரித்தோம். சகோதரர் மட்டும் சிரிக்கவில்லை.

நெய்யாற்றின்கரையில்

மாலையில் ஹவில்தார் எங்களை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துச் சென்றார். பத்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். அங்குள்ள கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பழம்பெரும் பலாமரத்தின் பட்ட அடிமரம் காக்கப்பட்டு வருகிறது. திருவிதாங்கூரின் மார்த்தாண்டவர்மா, அரசுரிமைப் பகையில் எதிரிகள் துரத்திய நாட்களில், இதன் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது இவ்வூராரின் வழிவழிக் கதை. அன்று மரப்பொந்தில் ஒளிந்தவர் பின்னாளில் ஒரு பெரிய படைக்குத் தலைவரானார். 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையை அவருடைய சேனை முறியடித்தது. அந்த நாளை மதராஸ் ரெஜிமென்ட் இன்றும் நினைவுகூர்ந்து கொண்டாடுகிறது. திருவிதாங்கூரின் பழைய காலாட்படைப் பிரிவுகள் சுதந்திரத்துக்குப் பின் அந்த ரெஜிமென்டின் 9-ஆவது, 16-ஆவது பட்டாலியன்களாயின என்று ஹவில்தார் பெருமையோடு சொன்னார்.

அந்தப் பழைய நாயர் படைவீரர்களின் குடும்ப முறை ரோமருடையதற்கு நேர் மாறானது. மருமக்கள்வழி முறைப்படி மனைவி கணவனுடைய வீட்டுக்கு வருவதில்லை. தன் தாய் பிறந்த தரவாட்டிலேயே இருப்பாள். பிள்ளைகளும் அந்தத் தரவாட்டுக்கே உரியவர்கள். வீட்டை நடத்துகிறவர் தாய்மாமன். தகப்பன் போரில் விழுந்தாலும் பிள்ளையின் சோற்றுக்கும் பெயருக்கும் குறைவு வராது. ரோமச் சேவகனின் பிள்ளையைச் சட்டம் யாருமற்றவனாக்கிற்று. இங்கேயுள்ள பிள்ளையை வழக்கம் தாய்வீட்டில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்த ஏற்பாட்டில் தகப்பன் வீட்டுக்கு வந்து போகிறவனாகவே இருந்தான். காலம் மாறி, தகப்பனும் தாயும் பிள்ளைகளுமாகத் தனிக் குடும்பம் நடத்த வேண்டும் என்ற விருப்பம் வலுத்தது. 1925-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் நாயர் சட்டம் அதற்கு வழி திறந்தது. கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையே 1975-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிந்தது.

உதயகிரியில் ஒரு கல்லறை

மறுநாள் திரும்பும் வழியில் தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் இறங்கினோம். உதயகிரிக் கோட்டை சாலையோரத்திலேயே இருக்கிறது. இப்போது வனத்துறையார் பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கிறார்கள். உள்ளே மரநிழலில் நடந்து போனால் கூரையிழந்த ஒரு சிற்றாலயத்தின் சுவர்கள் தெரிகின்றன. அதற்குள் டிலனாய் என்பவரின் கல்லறை.

குளச்சலில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்தவர் இவர். சிறைப்பட்டவரை மார்த்தாண்டவர்மா தம் பணியில் அமர்த்தினார். அவர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார், கோட்டைகளைக் கட்டினார், இந்த உதயகிரியிலேயே பீரங்கி வார்க்கும் ஆலை நடத்தினார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள். 1777-இல் இங்கேயே மரித்தார். கல்லறையின் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய மனைவியும் மகனும் அதே ஆலயத்துக்குள் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள்.

கடல்கடந்து வந்த சிறைக்கைதி அவர். அந்நிய அரசனுக்கு 36 ஆண்டுகள் சேவித்தார். ஆயினும் மனைவியையும் பிள்ளையையும் தன்னோடே வைத்திருந்தார். வாழ்ந்த இடத்திலும் மரித்த இடத்திலும் அவர்கள் ஒன்றாயிருந்தார்கள்.

சகோதரர் அந்தக் கல்லருகே நெடுநேரம் நின்றார். பின்பு மெதுவாகச் சொன்னார். “ஐயா, நான் சென்னைக்கு வந்தது 1993-இல். கல்யாணம் 1995-இல். ஏழு வருடம் அவளை ஊரிலே விட்டிருந்தேன். இடம் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லுவேன். மூன்றாம் வருடமே கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு அறையும் சமையற்கட்டும் வாடகைக்குக் கிடைத்தது. என் அம்மா வேண்டாம் என்றார்கள். நான் தனியாள் போலவே இருந்துகொண்டேன். நான் எல்லைக்குப் போகவில்லை, அம்பத்தூருக்குத்தான் போனேன். பட்டாளக்காரன் வேண்டாம் என்று நான் சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாளே, நீங்கள் கவனித்தீர்களா?”

கவனித்தேன் என்றேன். அந்தப் பார்வை இப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அங்கிருந்தே அவர் மனைவிக்குத் தொலைபேசியில் பேசினார். நான் சற்றுத் தள்ளிப் போய் நின்றேன். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, நெடுநேரம் பேசினார். பின்பு நான் அந்த மகளை அழைத்து, அம்மையார் சொன்னதையும் பெட்டியையும் எண்ணிட்ட கடிதங்களையும், தனியே எடுத்து வைத்த இரண்டையும் பற்றி ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். தனியே நிற்க வேண்டிய ஆண்டுகள் வரும் என்பதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த இரண்டு கடிதத்தையும் அவர்கள் கிழிக்காமல் வைத்திருக்கிறார்களே ஐயா. எனக்குச் சம்மதம்” என்றாள்.

பிரியமானவர்களே, கொர்நேலியு என்ற நூற்றுக்கு அதிபதியைப் பற்றி வாசிக்கும்போது, அவன் தனியனாக அல்ல, தன் வீட்டார் அனைவரோடும் தேவனுக்குப் பயந்தவனாகக் காணப்படுகிறான். பேதுரு செசரியாவுக்கு வந்தபோது அவன் தன் உறவின்முறையாரையும் நெருங்கிய சிநேகிதரையும் வீட்டில் கூட்டிவைத்துக் காத்திருந்தான். பட்டாளத்தின் நடுவிலும் அவனுக்கு ஒரு வீடு இருந்தது. பணிநிமித்தம் பிரிந்திருப்பது குற்றமல்ல. எல்லையில் நிற்கிறவர்களாலேயே நாம் நிம்மதியாய் உறங்குகிறோம். ஆனால் ரோமச் சேவகன் சட்டம் தடுத்தும் தன் குடும்பத்தை மதிலோரத்தில் குடிவைத்தான். நமக்கோ சட்டம் தடையில்லை, வழியும் சில வேளை திறக்கிறது. அப்பொழுதும் பசுவையும் கஞ்சியையும் ஊர்ப்பேச்சையும் காரணமாகச் சொல்லி, புருஷனையும் மனைவியையும் நாமே பிரித்து வைக்கிறோம். மாமியாராக இருக்கிற தாய்மார்களும், மனைவியை ஊரில் விட்டுவிட்டு நகரத்தில் அறையெடுத்துத் தங்கியிருக்கிற சகோதரர்களும் இதைச் சிந்திப்பார்களாக. அதே வேளையில், ஊரிலே தனித்து விடப்படுகிற முதியோருக்கு யார் கஞ்சி வைப்பது என்ற கேள்வியையும் நாம் தள்ளிவிட முடியாது. அந்த மாமியின் பயமும் உண்மையான பயமே. அதை ஒரு மருமகளின் தலையில் மட்டும் ஏற்றாமல், பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பேசிப் பகிர்ந்துகொள்ளட்டும். அருகிலுள்ள சபையும் கைகொடுக்கட்டும்.

திருமணத்தை வரும் விடுப்பில் நடத்த நிச்சயித்திருக்கிறார்கள். மணமகனுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸுக்கு மனுக் கொடுக்கும்படி தகப்பனார் எழுதியிருக்கிறார். இந்த முறை கடிதம் அல்ல, கைப்பேசியில் ஒரு வரி. ஆனாலும் அம்மையார் அதைத் தாளில் எழுதச் சொல்லி, எண்ணிட்டு, அந்த இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

எல்லைகளில் நிற்கிற நம்முடைய பிள்ளைகளையும், அவர்களுக்காகக் காத்திருக்கிற வீடுகளையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக.